விருந்துக்கு வந்த கால்

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். அது அரசாங்க வேலையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. தூத்துக்குடியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் ஷூ பகுதியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். வருகிறவர்கள் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில் என் முட்டிகள் இரண்டும் தேய்ந்துபோயின. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இது அறுவது வயசு ஆளோட முட்டி. இனிமே குத்த வைக்கப்படாது, முட்டி போடப்படாது" என்றார். அந்த இரண்டையும் விட்டால் என் வேலையில் மிச்சம் ஒன்றும் கிடையாது. இப்போது மாப்பிள்ளையூரணியில் ஒரு கணினி மையத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் ஜெனிபரும் சங்கரும் போன மாதம் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கடையில் புதிதாக ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். கண்ணாடி மேல் ஏறி நின்றால் பாதத்தின் படம் திரையில் வருமாம். எங்கே எடை அழுந்துகிறது என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டுமாம்.

"அளவு பிரச்சினை தீந்துச்சுண்ணே. ஆனா எந்த மண்ணுக்கு எந்த ஷூன்னு அது சொல்ல மாட்டேங்கு. நீங்க ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க, குரூப்ல போட்டு வச்சுக்கிடுதோம்" என்றான் சங்கர்.

லிஸ்ட் போடத்தான் உட்கார்ந்தேன். பத்து வரி எழுதுவதற்குள் அதற்குள்ளே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். லிஸ்ட் வேண்டியவர்கள் நடுவில் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். அம்மா இருபது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் உப்பு வாரினாள். நான் பி.காம். முடித்தேன். எட்டு மாதம் எங்கெங்கோ எழுதிப் போட்டும் பதில் வராமல் இந்தக் கடையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏலே, காலேஜ் வரைக்கும் அனுப்பினது ஊரான் காலுக்குச் செருப்பு மாட்டி விடுததுக்கா?"

கடையில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால் அப்பா ஹார்பரில் வேலை என்று மட்டும் சொல்வேன். கேட்டவர்கள் ஏதோ ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதே கிடையாது.

முதல் இரண்டு வருடம் பெட்டி அடுக்கினேன், கயிறு கோத்தேன், கம்பெனிக்காரர்கள் நடத்தும் வகுப்புக்குப் போய் வந்தேன். குதிகால், வளைவு, முன்பாதப் பந்து என்று பாதத்தின் பாகங்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன். அவ்வளவுதான் படிப்பு. மற்றதெல்லாம் முதலாளியிடம்.

அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாசரேத் பக்கத்துக்காரர். தார் ரோட்டை விட்டுவிட்டு மண்ணிலும் பாறையிலும் ஓடுகிற பழக்கம் நம் பக்கம் பரவ ஆரம்பித்த நேரத்தில், அந்த ஓட்டத்துக்கென்றே செய்கிற ட்ரெயில் ஷூவை இந்த ஊரில் வரவழைத்து அடுக்கியவர் அவர். ஆனால் அவர் வாழ்நாளில் ஷூ போட்டதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்புதான். ஒரு கல்லூரிப் பையன் கிண்டலாகக் கேட்டான், "என்ன அண்ணாச்சி, நீங்களே போட மாட்டேங்கியள?"

"சேலக் கடைக்காரன் கட்டிப் பாத்துட்டாடே விக்கான்?" என்றார்.

கடையின் பின்கட்டில் அவர் நான்கு சிமெண்ட் தொட்டி கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் ஆறு எட்டு எடுத்து வைக்கிற நீளம். ஒன்றில் தேரி மணல்மேட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மணல். ஒன்றில் உப்பள வரப்பு மண், மேலே உப்புப் பொருக்கோடு. மூன்றாவதில் கரிசல். நான்காவதில் மணப்பாட்டுக் கடலோரத்தில் கிடப்பது போன்ற சொரசொரப்பான பாறைத் துண்டுகள். கரிசல் தொட்டிக்கு மட்டும் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது என் வேலை. ஷூ வாங்க வருகிறவரை அண்ணாச்சி முதலில் சைஸ் கேட்க மாட்டார். "எங்கன ஓடுதிய?" என்பார். பிறகு போட்டு வந்த பழைய செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். அடியில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பெருவிரலால் தடவுவார். வந்தவர் முகத்தைப் பார்ப்பது அதற்கும் பிறகுதான்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு வங்கி அதிகாரிக்கு ஷூ விற்றேன். அவர் படம் காட்டிக் கேட்டார், அடிப்பக்கம் பெரிய பெரிய ரப்பர் பற்கள் வைத்த ஷூ. எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் வந்து நின்றார். ஷூவை மேஜை மேல் கவிழ்த்தார். குங்குமம் போலத் தேரி மணல் கொட்டியது.

"ரெண்டு கிலோமீட்டர்ல ரெண்டு கிலோ மண்ணு ஏறுது! என்ன ஷூ இது?"

அண்ணாச்சி அந்த மணலைக் கையால் ஒதுக்கிக் குவித்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்தப் பல்லு சேத்தைக் கடிக்கதுக்கு. தேரி பொடி மண்ணு, கடிச்சா வழுக்கிட்டுத்தான் போவும். அது மேல வள்ளம் மாதிரி மிதந்து போவணும். அடி அகலமா இருக்கணும், பல்லு சின்னதா இருந்தாப் போதும். மேல் துணி நெருக்கமா நெய்ஞ்சிருக்கணும். கணுக்கால்ல ஒரு உறை மாட்டிக்கிடுங்க, மண்ணு உள்ள போவாது."

அதிகாரி போன பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்டே இதைக் குடுத்த?"

"அவருதான் அண்ணாச்சி கேட்டாரு."

"அவரு கேட்டாரு, சரி. மண்ணு கேட்டுச்சா?"

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்றதெல்லாம் கற்றேன். ஈரக் கரிசலில் பற்கள் பெரிதாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு இடையில் அப்பிக்கொண்டு காலுக்கு இரண்டு கருங்கல் கட்டியது போலாகிவிடும். கடலோரப் பாறைக்குப் பல்லை விட ரப்பர்தான் முக்கியம், நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற ரப்பர் வேண்டும். சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடுகிறவர்களுக்குக் கொழகொழவென்று பஞ்சு வைத்த அடியைக் கொடுத்துவிடாதீர்கள், முள் நேராகப் பாதம் வரை வரும். நடுவில் கெட்டியான தகடு வைத்ததுதான் கொடுக்க வேண்டும். மலை ஏறுகிறவரை ஏறுவதை விட இறங்குவதைப் பற்றிக் கேளுங்கள், இறங்கும்போதுதான் விரல் முன்னால் போய் இடிக்கும். உப்பள வரப்பு மழை இல்லாதபோது தார் ரோடு மாதிரி, ஓரத்தில் ஈரம் பட்டால் எண்ணெய் மாதிரி. அதற்குச் சின்னப் பல், நெருக்கமான பல். மேல் துணியில் பெரிய ஓட்டை இருக்கவே கூடாது. உப்புக் கல் உள்ளே போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலத் தோலை எடுத்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். சேர்ந்து ஐந்தாவது வருடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேச்சியம்மாள் அக்கா தனியாக வந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சேலை கட்டி இருந்தார். உப்பளத்தில் வேலை. பத்தாம் வகுப்பு பாஸ். காட்டிலாகாவில் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது நடைத் தேர்வு மட்டும். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் நடந்தோ ஓடியோ முடிக்க வேண்டும், அதோடு வேலை கையில். முந்தைய தடவையும் அவர் அதுவரை போனவர்தான். ரப்பர் செருப்போடு போய், நடுவழியில் வார் அறுந்து, வெறுங்காலோடு ஓடி, நேரம் தாண்டி வந்து சேர்ந்தாராம்.

"இந்தத் தடவ விட்டா வயசு தாண்டிரும் தம்பி. பொறவு காலம் பூரா உப்புத் தண்ணிதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கே ஓடிப் பழகுகிறார் என்று கேட்டேன். வேலை முடிந்து சாயங்காலம் உப்பள வரப்பில். தேர்வு எங்கே என்றும் கேட்டேன். பாதி தார் ரோடு, பாதி கண்மாய்க் கரை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி சின்னப் பல், நெருக்கமான துணி, நடுத்தரமான அடி என்று ஷூ எடுத்தேன். மண் விஷயத்தில் நான் தப்புச் செய்யவில்லை.

அளவு எடுக்க முட்டி போட்டு உட்கார்ந்து காலை நீட்டச் சொன்னேன். அக்கா சேலை முந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நீங்க ஏன் தம்பி தொட்டுக்கிட்டு, நானே மாட்டிக்கிடுதேன்" என்றார். பரவாயில்லை அக்கா, இதுதான் என் வேலை என்றேன். கால் பளிச்சென்று இருந்தது. கல்லில் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி இருந்தார். வெடிப்புகள் கோடு கோடாகத் தெரிந்தாலும் அழுக்கே இல்லை. அளவுத் தகட்டில் நிற்க வைத்து எடுத்தேன். ஷூவை மாட்டி, முன்னால் என் பெருவிரல் அகலம் இடம் விட்டிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இருந்தது.

"சரியா இருக்கா அக்கா?"

"சரியா இருக்கு தம்பி."

"விரல் எங்கயும் இடிக்கா?"

"சரியா இருக்கு தம்பி."

"கொஞ்சம் நடந்து பாருங்க."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

முடிச்சை நான் முழுதாகப் போடும் முன்பே கடைசிப் பதில் வந்துவிட்டது. பின்கட்டில் உப்பளத் தொட்டியில் நடந்தார். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. வாங்குகிறவர்களுக்கென்று கடையில் வைத்திருக்கும் அட்டையில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஷூ விற்ற பத்தாம் நாள் வாங்கினவருக்குப் போன் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். போட்டேன். "சரியா இருக்கு தம்பி" என்றார். அட்டையில் டிக் அடித்தேன்.

அதற்குப் பின் ஒரு வாரம் போயிருக்கும். ரப்பர் செருப்போடு கடை வாசலில் வந்து நின்றார். இடது கால் முன்பக்கம் கட்டுப் போட்டிருந்தது. கையில் துணிப்பை. அதற்குள் ஷூ, கழுவிக் காயவைத்துத் தாளில் சுற்றி.

"தம்பி, இதை வேற யாருக்காவது குடுத்திருங்க. நல்ல ஷூதான், அதுல குத்தம் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் ஷூ போடத் தெரியல" என்றார்.

கட்டை அவிழ்க்க விடவே மாட்டேன் என்றார். அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து ஒரு அதட்டுப் போட்ட பிறகு காட்டினார். இரண்டாவது விரல் நகம் கறுத்து எழும்பி இருந்தது. சுண்டுவிரல் ஓரம் கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, சீழ் விரலுக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காலை உப்புத் தண்ணீரில் வைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பி இருக்கிறார்கள். தேர்வுக்கு இன்னும் இருபத்து நான்கு நாள்.

"வலிக்கலையா அக்கா? ஏன் சொல்லல?"

"அடிப்பாதம் எனக்கு மரத்துப் போனதுதான தம்பி. ஓரத்துல கொஞ்சம் உறுத்துச்சு. ஷூன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷூவுக்குள் கையை விட்டுத் தடவினார். அட்டையைப் பார்த்தார். அளவை மறுபடி தகட்டில் வைத்துச் சரிபார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"எனக்குப் புரியலடே" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஷூவை மறுபடி தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். "ஒங்க அம்மா உப்பளத்துல வேல பாத்தவங்கதான? கொண்டுபோய் அவ்வோகிட்ட காட்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஒங்களுக்கு யாரு சொன்னா அண்ணாச்சி?"

"ஒருநாள் நீ சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டேன்னு கொண்டுவந்து குடுத்தாவல்லா. வாசல்லயே நின்னாவ, நீ உள்ள கூப்பிடல. நான் அவ்வோ கால பாத்தேன்."

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் அக்காவின் ஷூவோடு, அம்மாவின் கால் அளவு இருக்கும் என்று தோன்றிய இன்னொரு ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஐந்து வருடம் ஊரில் இருக்கிற காலெல்லாம் அளந்தவன், அம்மாவின் காலை அளந்ததில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி முன்னால் முட்டி போட்டேன்.

"ஏலே, என்னலே இது, எந்திரி. யாராவது பாத்தா என்ன நெனப்பாவ."

"யாரும் பாக்கல. காலை நீட்டும்மா."

பாதம் கருவாட்டுத் தோல் போல இருந்தது. பெருவிரல் ஒரு பக்கம், மற்ற நாலும் ஒரு பக்கமாக விரிந்திருந்தன. குதிகாலில் ஒரு வெடிப்பு, அரிசி ஒன்று உள்ளே நிற்கும். ஷூவை மாட்டிக் கயிற்றை இழுத்தேன்.

"சரியா இருக்குலே" என்றாள் அம்மா.

நான் இன்னும் கேட்கவே இல்லை. முடிச்சும் போடவில்லை. மேல் துணியை அழுத்திப் பார்த்தேன். உள்ளே விரல்கள் ஐந்தும் சுருண்டு கிடந்தன.

"எங்கம்மா சரியா இருக்கு? விரலைச் சுருட்டி வச்சிருக்கியே!"

அம்மா முழித்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ஒரு ஆம்பளப் பிள்ள முட்டி போட்டுக் காலைப் புடிச்சிக்கிட்டு மூஞ்சிய நிமுந்து பாத்து கேக்கும்போது இல்லன்னு எப்படிலே சொல்ல? எப்ப விடுவான், கால எப்ப உள்ள இழுப்போம்னுதான் இருக்கும்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் அக்காவின் ஷூவை எடுத்துக் கொடுத்து, அவர் காலுக்கு என்ன ஆனது என்று சொன்னேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேட்ட முதல் கேள்வி: "அவ துணி சுத்திதான ஓடுவா?"

"என்ன துணி?"

"என்ன துணியா? நீ இந்த வீட்லதான வளந்த?"

எழுந்து போய் பரணிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். பழைய கைலியை விரல் அகலத்துக்குக் கிழித்த பட்டைகள். ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று, முன்பாதத்தைச் சுற்றி ஒன்று, குதிகாலுக்கு ஒன்று. உப்பளத்துப் பெண்கள் இதைச் சுற்றாமல் தண்ணீரிலும் இறங்க மாட்டார்கள், நடக்கவும் மாட்டார்கள். சுற்றாவிட்டால் வெடிப்பு வாயைப் பிளந்துவிடும். விடியற்காலையில் அடுப்படி வெளிச்சத்தில் அம்மா உட்கார்ந்து அதைச் சுற்றுவதைப் பள்ளிக்கூடம் போகிற வயது முழுக்கப் பார்த்தவன் நான். பாதத்தின் பாகங்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தபோது அதை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒங்க கடைக்கு வரும்போது அவ அதெல்லாம் அவுத்துப் போட்டுட்டு, கல்லுல தேச்சிக் குளிச்சிட்டுல்லா வந்திருப்பா. நீ விருந்துக்கு வந்த காலுக்கு அளவெடுத்திருக்க. வேலைக்குப் போற காலு வேறல்லா?" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழம காலு வத்திக் கெடக்கும். நாள் பூரா தண்ணில நின்ன பொறவு பாரு, ஊதி இருக்கும்" என்றாள்.

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். பின்கட்டுக்குப் போய் அவருடைய பழைய டி.வி.எஸ். வண்டியின் சாவியை எடுத்து வந்து கையில் வைத்தார். பெட்டியில் நாலு ஜோடி கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன்.

வேலை முடிகிற நேரம். வெயில் வெள்ளை வெள்ளையாக அடித்தது. பேச்சியம்மாள் அக்கா பாத்தியில் இறங்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களே கங்காணியிடம் பேசி, வரப்பில் உட்கார்ந்து மூட்டை தைக்கிற வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காயம் ஆறுகிற வரை அதுதான். இரண்டு காலிலும் கட்டம் போட்ட கைலித் துணி. காயத்தின் மேல் ஆஸ்பத்திரிப் பஞ்சு, அதன் மேல் துணி. என்னைப் பார்த்ததும் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா குரல் கொடுத்தார்: "ஏளா பேச்சி, ஊர்ல பொண்ணு பாக்க வருவாவ. ஒனக்குக் கால் பாக்க ஆளு வந்திருக்கு பாத்தியா!"

"பிடிச்சிருக்கான்னு இப்பவே கேட்டுக்கிடுளா, பொறவு மாத்திப் பேசப் போறாவ!" என்றது இன்னொரு குரல். பாத்தி முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கால் கொஞ்சம் வெளியே வந்தது.

நான் முட்டி போடவில்லை. அவர் பக்கத்திலேயே வரப்பில் உட்கார்ந்தேன். துணியை அவிழ்க்க வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன். வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றுதான். சரியா இருக்கா என்று கேட்கக் கூடாது. இரண்டு காலுக்கும் ஒரே ஜோடியைக் கொடுக்காமல் வலது காலுக்கு ஒரு ஷூ, இடது காலுக்கு வேறொரு ஷூ கொடுத்தேன். இரண்டையும் அவரே மாட்டிக்கொண்டார். வரப்பின் கோடி வரை மெதுவாக நடந்து வரச் சொன்னேன்.

"எது மோசம் அக்கா?"

"ரெண்டும்..."

"ரெண்டும் மோசம்தான், தெரியும். எது ரொம்ப மோசம்?"

அக்கா நின்று யோசித்தார். காலை ஊன்றிப் பார்த்தார். ஷூவைப் பற்றி அவர் யோசித்து நான் பார்த்தது அப்போதுதான். "வலதுதான். சுண்டு விரல்கிட்ட நெரிக்கி."

வலதைக் கழற்றிப் போட்டேன். அந்தக் காலுக்கு வேறு மாட்டச் சொன்னேன். மறுபடி நடை. "எது மோசம்?" இடது. ஏன்? "குதி தூக்குது." பாத்தியில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். "ஏ, அந்தச் செவப்ப எடுத்திரும், அது மூஞ்சியே சரியில்ல" என்றார் பெரியம்மா. நாலு ஜோடியில் ஒன்று மிஞ்சியது. அதைக் கழற்றி, துணியின் மடிப்பு எங்கெங்கே நசுங்கி இருக்கிறது என்று பார்த்தேன். அடிப்பாதம் மரத்துப் போனவர் சொல்ல முடியாததைத் துணி சொன்னது. முன்பாதத்துப் பட்டைக்கு மேலே கயிறு போகிற இரண்டு ஓட்டையை விட்டுவிட்டுக் கோத்தேன். முதலில் நான் கொடுத்ததை விட ஒன்றரை அளவு பெரியது, விரல் பக்கம் நல்ல அகலம்.

காயம் மூடும் வரை ஓடக்கூடாது என்றேன். பன்னிரண்டு நாள் ஓடவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பில் நடந்தார். பத்தாம் நாள் போனுக்குக் காத்திருக்காமல் தினமும் போன் போட்டேன். "இன்னைக்கு எது மோசம்?" என்று கேட்பேன். முதல் நாட்களில் பதிலே வராது. பிறகு ஒருநாள், "நீங்க கேக்கதுக்காவே தேடித் தேடிப் பாக்கேன் தம்பி. சாக்ஸ் மடிஞ்சி உறுத்துச்சு" என்றார். நான் சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

தேர்வு நாளில் அண்ணாச்சி எனக்கு விடுமுறை கொடுத்தார். முடிகிற இடம் கண்மாய்க் கரை இறங்கி ரோடு சேருகிற முக்கு. சுண்ணாம்புக் கோடு. கையில் கடிகாரத்தோடு அதிகாரி ஒருவர், நோட்டோடு இன்னொருவர். வெளியாட்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நின்றோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எண்ணைச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கரை வளைவில் யாரும் வரவில்லை. இருபத்து நாலு நாளில் பன்னிரண்டு நாளை உட்கார்ந்தே கழித்த கால். அதற்குக் காரணம் நான். அந்த வளைவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடிகாரக்காரர் "இன்னும் ஆறு நிமிஷம்" என்றபோது வளைவில் ஒரு தலை தெரிந்தது. அக்காதான். ஓட்டமும் நடையுமாக, இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தார். சேலை இல்லை, மகளுடைய சுடிதார். கரையிலிருந்து இறங்குகிற சரளைக்கல் சரிவில் ஒரு கணம் வழுக்குகிற மாதிரி இருந்தது. ஷூ பிடித்தது. கோட்டைத் தாண்டினார். நோட்டுக்காரர் எண்ணைக் கேட்டார், பெயரைக் கேட்டார், எழுதினார். "போம்மா, போய் உக்காரு, தேறியாச்சு" என்றார்.

அக்கா வந்து கண்மாய்க் கரைச் சரிவில் பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். முகமெல்லாம் வழிந்ததில் எது தண்ணீர், எது கண்ணீர் என்று நான் பார்க்கவில்லை.

"எப்படிக்கா இருந்துச்சு? சரியா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். பதற்றத்தில் பழைய கேள்வியே வந்துவிட்டது. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க சரியா இருந்துச்சு?" என்றார் அக்கா. ஷூவை உதறிக் கழற்றி, துணி சுற்றின காலை என் பக்கம் நீட்டினார். "இடது கால் நாலாவது விரலு, பாதி வழிக்கு மேல சுள்ளு சுள்ளுன்னு குத்துச்சு. ஷூவோட நாக்கு ஒரு பக்கமா நவுந்து போவுது, ரெண்டு தடவ நின்னு சரி பண்ணினேன். அதுலதான் நேரமாச்சு. வலது குதி கொஞ்சம் லூசு. கயிறு ரொம்ப நீளம். அடுத்த தடவ இந்தக் கம்பெனி எனக்கு வேண்டாம் தம்பி."

"அடுத்த தடவையா?"

"பின்ன? காட்டுக்குள்ள நடக்கப் போறவ வெறுங்காலோடயா நடப்பேன்? மல ஏறணும், எறங்கணும். உக்காருங்க. எழுதிக்கிடுங்க, இல்லன்னா மறந்துருவிய."

சட்டைப் பையில் பேனா இருந்தது, தாள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தேன். இடது, நாலாவது விரல். நாக்கு. வலது குதி. கயிறு. அக்கா விடவில்லை, யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இடம் போதாமல் மணிக்கட்டு வரை எழுதினேன்.